நீதிபதிக்கு யார் குரல்

என் அத்தை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்கில் மாட்டிக்கொள்கிற கண்ணாடி.

படிக்கிற கண்ணாடி வாங்க வருபவர்களுக்குக் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது எல்லாக் கடையிலும் வழக்கம். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அட்டையில் இருக்கும் விஷயமோ காலையில் சீக்கிரம் எழ வேண்டும், தினமும் பல் துலக்க வேண்டும் என்கிற ரகம். பாதி அட்டை வருவதற்குள் மீதியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை வாய் தானாகச் சொல்லிவிடும். "தெரியுது, தெரியுது, பில்லைப் போடுங்க" என்று கிளம்பிப் போய், பிறகு தலைவலி என்று திரும்பி வருவார்கள்.

அத்தை அந்த அட்டையை டிராயருக்குள் தள்ளிவிட்டாள். அதற்குப் பதில், தான் அப்போது படித்துக்கொண்டிருக்கும் கதையில் ஒரு பக்கத்தைப் பொடி எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பாள். அடுத்த வரியை ஊகிக்கவே முடியாத பக்கமாகப் பார்த்துப் பொறுக்குவாள். வாசிப்பவர் நடுவில் தடுக்கி நின்றால் லென்ஸ் சரியில்லை. கடகடவென்று ஓடி, பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்து "மீதி எங்கம்மா?" என்று கேட்டால் லென்ஸ் கச்சிதம்.

கடை முதலாளி எந்நேரமும் காட்சிக்கு வைத்த ஒரு ஃபிரேமை மாட்டிக்கொண்டு திரிவார். அது மூக்கைப் பிடித்துக்கொள்வதால் அவர் பேச்சு கொசு பறப்பது மாதிரி வரும். "இது கண்ணாடிக் கடையா, லைப்ரரியா? நேத்து ஒருத்தர் வந்து கண்ணாடி வேணாம், அந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கங்கறாரு." ஆனாலும் அத்தையை அவர் நிறுத்தவில்லை. தலைவலி என்று திரும்பி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களே.

அத்தை எப்போதும் எதையாவது படித்துக்கொண்டிருப்பாள். அதற்காகப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆள் இல்லை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவிடுவாள். "தப்பான பஸ்ல ஏறிட்டோம்னு தெரிஞ்சா கடைசி ஸ்டாப் வரைக்குமா போவே?" என்பாள். பின்னட்டையில் மனித மனத்தின் ஆழம் என்று போட்டிருந்தால் தொடவே மாட்டாள். "ஆழத்துல என்ன இருக்கும், சேறுதான். மேல என்ன நடக்குதுன்னு சொல்லச் சொல்லு." தடிமனான நாவல்கள் மேல் மட்டும் தனிப் பாசம். தடிப் புத்தகம் வைத்திருப்பவளிடம் யாரும் வந்து அரட்டை அடிக்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் அதெல்லாம் செல்லாது, நான் அடிப்பேன்.

எனக்கு யார் குரலும் வரும். கொஞ்ச நேரம் கூடப் பேசிக்கொண்டிருந்தால் போதும், அவர் இருமுவதிலிருந்து செருப்பைக் கழற்றும்போது முனகுவது வரை ஒட்டிக்கொள்ளும். இதற்காகச் சித்தப்பா எனக்கு வைத்த பெயர் ரேடியோ.

அத்தை கொஞ்ச காலமாக ஒரு வேற்று நாட்டு நாவலைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். குளிர்ப் பிரதேசம், அகலமான ஆறு, அதில் ஒரு படகு. மூடுபனிக் காலத்தில் படகு விடலாமா கூடாதா என்று கரையில் இருக்கும் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அதுதான் கதை. முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டு என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். படகோட்டி விடியற்காலையில் பூட்ஸை மாட்டுகிறான். அவன் மனைவி சொல்கிறாள்: "அன்பரே, பனி சூழ்ந்துள்ள இவ்வேளையில் தாங்கள் ஆற்றைக் கடப்பது உசிதமன்று."

நான் அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்துக் காட்டினேன்.

"அத்தை, இவங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"முப்பது."

"முப்பது வருஷமா வீட்டுக்குள்ள இப்படியே பேசிக்கிறாங்களா? பாவம் அந்த ஆளு. அதான் ஆத்தை விட்டுக் கரைக்கே வர மாட்டேங்கறாரு."

அத்தை தாளைப் பிடுங்கிக்கொண்டாள். முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வாயாடி. நீயே சொல்லு. எப்படிச் சொல்லுவா?"

நான் அம்மா குரலுக்கு மாறினேன். "போறவர்கிட்ட போகாதீங்கன்னு சொன்னா கேக்கவா போறாரு. போயிட்டு வாங்க. வந்தா சாப்பாடு இருக்கு. வரலைன்னாலும் இருக்கும்."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடி அது, என்னை மாதிரியே?"

"ஆத்தங்கரையில ஒரு அம்மா. புருஷன் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"அவளுக்கும் அப்படித்தானா" என்றுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தை அதற்குள் அதை எழுதிவிட்டிருந்தாள்.

அன்றிலிருந்து இதுவே எங்கள் பொழுதுபோக்கு ஆனது. "பேசுறப்ப எல்லாரும் வீட்டு டிரஸ்லதான் இருக்கோம். பேனாவை எடுத்தா மட்டும் ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கறோம். கதைக்குள்ள இருக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க, அவங்களுக்கும் புழுங்கும்ல?" என்பாள் அத்தை. அதற்காகச் சொல்வதை எல்லாம் அப்படியே எழுதிவிடவும் மாட்டாள். நான் பத்துப் பேர் குரலில் சொல்லிக் காட்டினால் ஒன்பதைத் தள்ளிவிடுவாள். படகோட்டிக்குக் கடை முதலாளியின் மூக்குப் பேச்சை நான் கொடுத்தபோது, "இவன் ஆத்துல இறங்குறவன்டி, இவனுக்கு மூக்கடைப்பு வேணாம்" என்றாள்.

நீதிபதி வந்தபோதுதான் சிக்கல். ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் அவர். பேச ஆரம்பித்தால் பக்கக் கணக்கில் முற்றுப்புள்ளி கிடையாது. எந்தக் குரலைக் கொடுப்பது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மாடிப்படி வழியாக ஒரு குரல் இறங்கி வந்தது.

"நான் எதுலயும் தலையிடறதா இல்ல. பேச வேணாம்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுதான் வந்தேன். ஆனா ஒண்ணே ஒண்ணு. பொதுவா சொல்றேன்."

சித்தப்பா. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். படியில் யாரையோ பிடித்துவைத்துத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். நீதிபதி பிறந்துவிட்டார்.

பிறந்தவர் சும்மா இருக்கவில்லை. நாவலின் நடுப்பகுதி முழுக்க அவர் ராஜ்யம்தான். "பொதுவா சொல்றேன்", "நாளைக்கு யாரும் என்னைக் கேக்கக் கூடாது", "எனக்கென்ன, நான் பாட்டுக்கு வீட்ல இருப்பேன்" என்று பனிக்குள் நின்று வெளுத்து வாங்கினார். எழுதும்போது அத்தை தனியாகச் சிரிப்பது என் அறை வரை கேட்கும்.

அப்புறம்தான் பதிப்பாளர் கடைக்கு வந்தார். தையல் கடைக்கு மேலே இரண்டு அறையில் பதிப்பகம் நடத்துபவர் என்று அப்போது அத்தைக்குத் தெரியாது. வாசிக்கத் தாள் கேட்டார். அன்றைக்குக் கைக்குக் கிடைத்தது நீதிபதி பேசும் பக்கம். அவர் வாசித்தார், தோள் குலுங்கியது, தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"வீட்ல இருக்கு சார்."

"யார் எழுதினது?"

அத்தை லென்ஸைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள். "தமிழ்ல நான்தான்."

முழுத் தாள்கட்டையும் வாங்கிப் படித்துவிட்டு, உரிமை வாங்குவதெல்லாம் தன் வேலை என்றார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகுமுன் அங்கங்கே சில அத்தியாயங்களைச் சத்தமாக வாசிக்க வைப்பார். கேட்பதற்குக் கீழ்க்கடைத் தையல்காரர், பைண்டர், எழுதியவரின் வீட்டு ஆட்கள். பதிப்பாளர் ஓரமாகப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். கேட்பவர்களில் யாராவது போனை எடுத்துப் பார்த்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அதற்குப் பெயர் போன்கோடு. கோடு நிறைய விழுந்த புத்தகத்தை அவர் போடுவதில்லை. "விமர்சகர் பொய் சொல்லுவாரு, நண்பர் பொய் சொல்லுவாரு. போனுக்குப் போற கை பொய் சொல்லாதும்மா."

"வீட்ல யார் யார் வருவாங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தை பெருமையாக, "தம்பி வருவான்" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ரேடியோ, நம்ம ஜட்ஜு."

"ஆமா, ஜட்ஜுக்கென்ன?"

"அவனே முன்னாடி உக்காந்து கேக்கப் போறான்டி."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு வரவில்லை. சித்தப்பா அதற்குள் லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம், "எங்க அக்கா புஸ்தகம் போடறா. இந்தக் கட்டடத்துலயே முதல் ஆளு" என்று சொல்லிவிட்டிருந்தார். சங்க அறிவிப்புப் பலகையில், தொட்டி கழுவும் தேதிக்கும் வண்டி நிறுத்தும் விதிக்கும் நடுவில் அத்தை படம். புதுச் சட்டையும் வாங்கிவிட்டார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, தையல்காரரும் பைண்டரும் அவர் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பதா?

"அவனைக் கிண்டல் பண்ணத்தான் அக்கா இவ்வளவு நாளா எழுதினாளான்னு நினைப்பான். வாய விட்டுச் சொல்லக்கூட மாட்டான். அவ்வளவு பேசறவன், அதை மட்டும் சொல்ல மாட்டான்" என்றாள் அத்தை.

அந்த வாரம் முழுக்க அவள் நீதிபதியை மாற்றி எழுதினாள். இஸ்திரி போட்ட சட்டை, கோட்டு, டை எல்லாம் மாட்டிவிட்டாள். புதுத் தாள்களைப் பதிப்பாளர் கையில் கொடுக்கப் போனபோது நானும் போனேன். விற்காத கவிதைப் புத்தகக் கட்டுகள்தான் அங்கே நாற்காலி. நல்ல உறுதி. பதிப்பாளர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜட்ஜுக்கு என்னம்மா ஆச்சு? அன்னைக்கு நல்லா இருந்தாரே. இப்ப ஐஸ்ல வெச்ச மாதிரி இருக்காரு."

அத்தை விஷயத்தைச் சொன்னாள். "அவன் என் தம்பி சார். புஸ்தகம் இல்லைன்னா பரவால்ல."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தை நான் ஒருமுறைகூடச் செய்துகாட்டியதில்லை. வராது.

பதிப்பாளர் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினார். "தம்பி எனக்கும் இருக்காரும்மா. ஆனா செத்த ஜட்ஜை நடுவுல படுக்கவெச்சு நான் புஸ்தகம் போட முடியாது. மாத்தினதையே வாசிக்கட்டும். கோடு விழலைன்னா போடறேன். விழுந்தா விட்டுடுவோம். பழசு என்கிட்டயே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். கவிதைக் கட்டுகளின் மேல் தையல்காரர், அவர் மனைவி, பைண்டர், அம்மா. முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் சித்தப்பா. சன்னல் பக்கம் அத்தை, புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக. வாசிப்பது நான். நீதிபதிக்கு எந்தக் குரல் வேண்டுமானாலும் போடு, அந்தக் குரல் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பான உத்தரவு.

படகோட்டியும் மனைவியும் வந்த இடங்கள் அமர்க்களமாகப் போயின. "வரலைன்னாலும் இருக்கும்" என்ற இடத்தில் தையல்காரரின் மனைவி புருஷனை முழங்கையால் இடித்தாள். அம்மா, இதெல்லாம் நான் போட்ட பிச்சை என்பதுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் சும்மா இருந்தது.

ஊர்க்கூட்டம் வந்தது. நீதிபதி எழுந்து நின்றார்.

"இவ்விஷயத்தில் நான் எப்பக்கமும் சாராதவன் என்பதை அவை நன்கறியும். எனினும் ஒரு கருத்தினை முன்வைக்க விழைகிறேன்."

தையல்காரர் போனை எடுத்தார். கோடு. பைண்டர் எடுத்தார். கோடு. நான் குரலை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், மேடைப் பேச்சாளர் மாதிரி கையை வீசிப் பார்த்தேன். தையல்காரரின் மனைவி கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. பென்சில் சரசரவென்று இறங்கிக்கொண்டே போனது. அத்தை சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் அவள் புத்தகம் ஒரு படி கீழே போவது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

முன்வரிசையில் சித்தப்பா நெளிந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நான் எதுலயும் தலையிடறதா இல்ல."

அத்தையின் கை தலைப்போடு நின்றுவிட்டது.

"அக்கா விசேஷம், வாயத் தொறக்கக் கூடாதுன்னு வீட்லயே முடிவு பண்ணிட்டுதான் வந்தேன். ஆனா ஒண்ணே ஒண்ணு. பொதுவா சொல்றேன். இந்த ஜட்ஜு இப்படிப் பேச மாட்டான்."

"ஏன் சார்?" என்றார் பதிப்பாளர், மெதுவாக.

"இவன் கூட்டம் நடத்தறவன் சார். எனக்குத் தெரியாதா? எடுத்த எடுப்புல கருத்து, முன்வைக்கிறேன்னு சொன்னா பாதிப் பேர் டீ குடிக்கப் போயிடுவான். முதல்ல தனக்குப் பேசவே இஷ்டமில்லைன்னு காட்டணும். ரேடியோ, இப்படி வாசி." எழுந்தே நின்றுவிட்டார். "நான் பேசறதா இல்லய்யா. படகு போனா எனக்கென்ன, நின்னா எனக்கென்ன. நான் பாட்டுக்கு வீட்ல இருப்பேன். ஆனா நாளைக்கு யாரும் வந்து என்னைக் கேக்கக் கூடாது."

பதிப்பாளர் மடியில் பழைய தாள்கள் இருந்தன. அவர் விரல் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரிரு வார்த்தை முன்னே பின்னே, மற்றபடி அதேதான். அவர் புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறி நின்றது.

சித்தப்பா நிறுத்தவில்லை. பனியைப் பற்றிப் பொதுவாகச் சொன்னார், படகைப் பற்றிப் பொதுவாகச் சொன்னார். தான் பார்த்தே இராத ஆற்றைப் பற்றி, தண்ணீர் மோட்டாருக்கு உண்டான அத்தனை அக்கறையோடு சொன்னார். தையல்காரர் போனைப் பையில் போட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். பைண்டர், "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று சித்தப்பாவிடமே கேட்டார். பென்சில் காதுக்குப் போய்விட்டது.

ஒரு கட்டத்தில் சித்தப்பாவே நின்றார். சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது.

"அக்கா, இந்த ஜட்ஜு மோசமான ஆளா?"

அறையில் நாலு பேருக்கு அது கதையைப் பற்றிய கேள்வி. மீதிப் பேருக்கு வேறு. அத்தை சன்னலை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"இல்லடா. அவன் பேச ஆரம்பிச்சா ஊரே ஓடும். ஆனா கடைசியில படகு பனிக்குள்ள மாட்டிக்கும். கரை எந்தப் பக்கம்னே தெரியாது. இவன் துறையில போய் நின்னு பேசுவான். அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பான். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் படகு வந்து சேரும்."

சித்தப்பா உட்கார்ந்தார். சட்டை மடிப்பை நீவிவிட்டார். "அந்த இடம் இருக்கா இப்ப? இருந்தா வாசிக்கச் சொல்லு."

பதிப்பாளர் பழைய தாள்களை என்னிடம் நீட்டினார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். வாசித்தேன். எந்தக் குரலில் என்று சொல்ல வேண்டியதில்லை. பனிக்கு நடுவே துறையில் ஒரு மனிதர் நின்றுகொண்டு, தனக்குப் பேசவே இஷ்டமில்லை என்றும், யாரும் தன்னை நாளைக்குக் கேட்கக் கூடாது என்றும், துறைக் கற்கள் வழுக்குகின்றன, இதை எத்தனை தடவை சொல்லியாயிற்று என்றும், கவலைப்படாதீர்கள், இந்தப் பக்கம்தான் என்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். படகு வந்தது. அறையில் யாரும் போனை எடுக்கவில்லை. தையல்காரரின் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த மாசம் அச்சுக்குப் போகலாம்" என்றார் பதிப்பாளர். அத்தை அங்கேயே ஒரு கவிதைக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அம்மா, "அண்ணி, முதல்ல தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

தையல்காரரும் மற்றவர்களும் எழுந்து படியிறங்கும்போது சித்தப்பா மட்டும் எங்களோடு பின்தங்கினார். வாழ்நாளிலேயே முதல் முறையாக முன்னுரை இல்லாமல் பேசினார்.

"அக்கா, ஒரு இடம் மட்டும் தப்பா இருக்கு."

"எதுடா?"

"அந்தப் பனி இடத்துல 'கவலைப்படாதீங்க'ன்னு வருது. நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதே இல்ல. 'நான் இருக்கேன்ல'ன்னுதான் சொல்லுவேன்."

அத்தை பதிப்பாளரின் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள், தாளைச் சுவரில் வைத்து அந்த வார்த்தையை அடித்துவிட்டு, தம்பி சொன்னதை எழுதினாள். சித்தப்பா எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். "ம், இப்ப சரி" என்றுவிட்டுக் கீழே போனார். அவர் குரல் படிக்கட்டில் தையல்காரரைப் பிடித்துக்கொண்டது, பொதுவாக.